பெடலை மிதித்தால் திரும்பி வரும் குரல்

மார்ச் 3, திங்கள்

போய்விட்டு வந்தாயிற்று. நான்கு மணி நேரம். ஒன்றும் குடிமுழுகிப் போகவில்லை.

பத்து மாதத்துக்குப் பிறகு அதே மேசை. நாற்காலி மட்டும் வேறு. என்னுடையதை யாரோ தள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். இப்போது இருப்பது, உட்கார்ந்தால் இடது பக்கம் சாய்கிறது. கேட்டால் 'வந்ததும் வராததுமா நாற்காலிக்குச் சண்டை போடுறா' என்பார்கள். எதற்கு வம்பு என்று சாய்ந்தபடியே நான்கு மணி நேரத்தையும் ஓட்டினேன்.

டாக்டர் தினமும் ஏதாவது எழுதச் சொல்லியிருக்கிறார். எதை என்று சொல்லவில்லை. வேலையைப் பற்றியே எழுதுகிறேன், வேறு என்ன இருக்கிறது என்னிடம்? தொழிலாளர் வழக்குகளை விசாரிக்கிற அலுவலகம். விசாரணை அறையில் பேசுவதெல்லாம் ஒலிப்பதிவாகி எங்கள் அறைக்கு வரும். அதை ஹெட்போனில் கேட்டு, ஒரு சொல் கூடாமல் ஒரு சொல் குறையாமல் தட்டச்சு செய்ய வேண்டும். காலடியில் ஒரு பெடல். முன்காலால் மிதித்தால் பதிவு ஓடும், குதிகாலால் மிதித்தால் பின்னால் போகும். காதில் சரியாக விழாத இடத்தில் 'தெளிவில்லை' என்று போட்டுவிட்டு நகர வேண்டும். கடைசிப் பக்கத்தில் 'கேட்டபடியே எழுதப்பட்டது' என்று கையெழுத்து. தீர்ப்புச் சொல்பவர் அந்தக் காகிதத்தைத்தான் படிக்கிறார். பன்னிரண்டு வருஷம் அந்தக் கையெழுத்தைப் போட்டவள் நான்.

இப்போது போட முடியாது. மே முப்பது வரை சோதனைக் காலம். நான் அடிக்கிற ஒவ்வொரு பக்கத்தையும் கமா கேட்டுச் சரிபார்த்து, அவர்தான் கையெழுத்துப் போடுவார். முப்பதாம் தேதி பதிவாளர் முடிவு சொல்வார். ஒன்று, கையெழுத்து எனக்குத் திரும்ப வரும். இல்லையென்றால் தபால் பிரிவில் உட்கார்ந்து உறை ஒட்ட வேண்டியதுதான்.

கமா என்பது பட்டப்பெயர். சாட்சி மூச்சு விட்ட இடத்திலெல்லாம் கமா கேட்கிற ஆள். என் வயதுதான். என்னைப் போட்டுக்கொடுத்தவனும் அவன்தான்.

மார்ச் 4, செவ்வாய்

எல்லாரும் என்னிடம் மெதுவாகப் பேசுகிறார்கள். குழந்தை தூங்குகிற வீட்டில் பேசுவது போல. டீ கொண்டுவருகிறவர்கூட டம்ளரைச் சத்தமில்லாமல் வைக்கிறார். எரிச்சலாக வருகிறது.

சரி, அதையும் எழுதிவிடுகிறேன். போன வருஷம் ஒரு கிடங்கு வழக்கில், யாருமே பேசாத பதினோரு வரியை நான் பதிவில் அடித்துவிட்டேன். எனக்குக் கேட்டது. சத்தியமாகக் கேட்டது. சாட்சி திடீரென்று குரலைத் தாழ்த்தி என்னைப் பற்றிப் பேச ஆரம்பித்தார் — 'தட்டச்சு செய்கிறவளுக்கு எல்லாம் தெரியும், அவள் வீட்டு விலாசம் எங்களிடம் இருக்கிறது' என்று. பயத்தில் கை வியர்க்க வியர்க்க ஒரு எழுத்து விடாமல் அடித்தேன். கமா அதைப் பதிவாளரிடம் கொண்டுபோனார். நான் எல்லாரையும் பார்த்துக் கத்தினேன். அக்கா வந்து கூட்டிப்போனாள். ஏழு வாரம் மருத்துவமனை.

மனச்சிதைவு. எழுதிப் பார்த்தால் ஏதோ கண்ணாடிச் சாமான் கீழே விழுந்த மாதிரி இருக்கிறது. நான் சிதையவில்லை. எனக்கு உடம்பு சரியில்லாமல் போனது, இப்போது தேறிக்கொண்டு வருகிறேன்.

மார்ச் 6, வியாழன்

மாத்திரையால் கை நடுங்குகிறது. முன்பு அடித்த வேகத்தில் பாதிகூட இல்லை. வாய் மட்டும் காய்ந்துபோய் தண்ணீர் தண்ணீர் என்கிறது.

மார்ச் 10, திங்கள்

அக்கா மாத்திரை அட்டையை எடுத்து எண்ணுகிறாள். நான் குளிக்கப் போனதும் எண்ணுகிறாள். குளியலறைக் கதவு சரியாகச் சாத்தாது, எல்லாம் தெரிகிறது.

"எண்ணுறதுன்னா என் முன்னாடியே எண்ணு" என்றேன்.

"நான் எங்கடி எண்ணினேன்? தூசி தட்டினேன்."

மாமா செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து, "தூசி தட்டிட்டு இருபத்தி ரெண்டு இருக்குன்னு என்கிட்ட ஏன் சொன்ன?" என்றார். அக்கா அவரைப் பார்த்த பார்வைக்கு அவர் செய்தித்தாளை இன்னும் கொஞ்சம் உயர்த்திக்கொண்டார். ரொம்ப நாள் கழித்து வயிறு வலிக்கச் சிரித்தேன். அக்காவும் சிரித்தாள். ஆனால் நாளைக்கும் எண்ணுவாள்.

மார்ச் 14, வெள்ளி

கமா என் பக்கங்களைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். ஒரே பக்கத்தில் இருபத்து மூன்று இடத்தில் 'தெளிவில்லை'.

"இந்த சாட்சி என்ன தண்ணிக்குள்ள இருந்தா பேசுனார்?" என்றார்.

சிரிக்கவே இல்லை அவர். அந்த ஆளுக்குச் சிரிக்கத் தெரியாது. இருபத்து மூன்றில் இருபத்தொன்றை அவரே நிரப்பியிருந்தார். எல்லாம் சாதாரணச் சொற்கள். 'ஆமாம்.' 'அப்புறம்.' 'ஏழு மணிக்கு.' எனக்கும் கேட்டவைதான் அத்தனையும். கேட்டும் எழுதவில்லை.

கொஞ்சம் சன்னமாக ஒரு குரல் வந்தாலே போதும், இது பதிவில் இருக்கிறதா என் தலைக்குள் இருக்கிறதா என்று கை நின்றுவிடுகிறது. தலைக்குள் இன்னும் ஒரு குடித்தனக்காரன் இருக்கிறான். மாத்திரை கொடுத்துக் காலி செய்யச் சொல்லியாயிற்று. முக்கால்வாசிச் சாமானை ஏற்றிவிட்டான், மீதியை எடுக்கிறேன் என்று சாயங்காலங்களில் வந்து நிற்கிறான். நான் களைத்திருக்கிற நேரம் அவனுக்கு நன்றாகத் தெரியும்.

மார்ச் 17, திங்கள்

இன்று நடந்ததை எழுத வேண்டாம் என்று நினைத்தேன். எழுதுகிறேன்.

ஒரு சலவைத் தொழிற்சாலை வழக்கு. துணியை அழுத்துகிற இயந்திரத்தில் ஒரு பெண்ணின் கை மாட்டி வெந்துவிட்டது. அவள் கவனக்குறைவு என்று சொல்லி வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள். இயந்திரத்தின் தடுப்புக் கம்பி உடைந்திருந்தது என்று அவள் முன்கூட்டியே சொன்னாளா இல்லையா — வழக்கே இதுதான். விசாரணையில் அதைக் கேட்கிறார்கள். பெரிய மௌனம். அப்புறம் ரொம்பச் சின்னக் குரலில், "முதல் நாளே சொன்னேன் சார்."

எனக்குக் கேட்டது. நான் விட்டுவிட்டேன். 'தெளிவில்லை' என்றுகூடப் போடவில்லை. 'சாட்சி பதில் சொல்லவில்லை' என்று அடித்தேன்.

கமா பிடித்துவிட்டார். பிடிக்காமல் போயிருந்தால்? அவள் வாயைத் திறந்து சொன்ன ஒரே வாக்கியம். அதை நான் அவள் வாயிலிருந்து பிடுங்கிப் போட்டிருப்பேன். என்ன ஜென்மம் நான்? எனக்கு பயம்னா நான் வீட்டுல கிடக்கணும், அடுத்தவ சோத்துல ஏன் கை வைக்கணும்?

மார்ச் 18, செவ்வாய்

பதிவாளர் கூப்பிட்டார். நல்ல மனுஷர், சுற்றி வளைக்க மாட்டார்.

"இல்லாததை எழுதறதும் இருக்கறதை விடறதும் எனக்கு ஒண்ணுதாம்மா. இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா முப்பதாம் தேதி வரைக்கும் நான் காத்திருக்க மாட்டேன்."

சரி சார் என்றேன். வேறு என்ன சொல்ல முடியும்?

மார்ச் 21, வெள்ளி

நேற்று மாத்திரை போடவில்லை. வேகமாக அடிக்கலாம், கை நடுங்காது என்று ஒரு கணக்குப் போட்டேன். காலையில் அக்கா எண்ணிவிட்டாள். சண்டை என்றால் அப்படி ஒரு சண்டை.

"உன்னைத் தூக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுனது நான்டி. நீ என்னை யாருன்னு கேட்ட. பெத்த பொண்ணு மாதிரி வளர்த்தவளைப் பார்த்து நீ யாருன்னு கேட்ட."

அதைச் சொன்னதும் அவளுக்கே தாங்கவில்லை, அடுப்படிக்குப் போய் நின்றுகொண்டாள். நானும் பின்னால் போய் நின்றேன். இரண்டு பேரும் அடுப்பைப் பார்த்துக்கொண்டே அழுதோம். மாமா வந்து, "அடுப்பு என்ன பாவம் பண்ணுச்சு" என்றார்.

மத்தியானம் டாக்டரிடம் போய் நானே ஒப்புக்கொண்டேன். அவர் திட்டவில்லை. "நடுக்கத்துக்கு வழி இருக்கு, என்கிட்ட சொல்லியிருக்கலாமே" என்றார். அளவைக் கொஞ்சம் மாற்றி, போடுகிற நேரத்தையும் மாற்றிக் கொடுத்தார். நிறுத்துகிற எண்ணம் வந்தால் நிறுத்துவதற்கு முன்பே அவருக்கு ஃபோன் பண்ண வேண்டுமாம். பண்ணுகிறேன் என்று வாக்குக் கொடுத்தேன். இது அக்காவுக்காக இல்லை. அந்தச் சலவைக்காரப் பெண்ணுக்காகவும் இல்லை. எனக்கு அந்த மேசை வேண்டும்.

மார்ச் 27, வியாழன்

இன்று ஒன்று கண்டுபிடித்தேன். சந்தோஷத்தில் கை ஓடவில்லை, பொறுமையாக எழுத வேண்டும்.

மூன்று மணி இருக்கும். ஏதோ பேருந்து நடத்துநர் வழக்கு. நடுவில் சன்னமாக, 'இவளுக்கு ஒன்றும் தெரியாது.' பழக்கதோஷம், குதிகால் தானாகப் பெடலை மிதித்தது. பதிவு பின்னால் போய்த் திரும்ப ஓடியது. அதே இடம் வந்தது. அங்கே மின்விசிறிச் சத்தம்தான் இருந்தது. அந்த வாக்கியத்தைக் காணோம். அதற்குப் பதிலாகக் குடித்தனக்காரன் வேறு ஒன்று சொன்னான்: 'மறுபடி கேட்கிறாள் பார்.' மறுபடி மிதித்தேன். மறுபடி மின்விசிறி, அவன் இன்னொன்று சொன்னான்.

கொஞ்சம் தள்ளி இன்னொரு சன்னக் குரல், 'சரிங்க' என்று. மிதித்தேன். 'சரிங்க.' மிதித்தேன். 'சரிங்க.' பன்னிரண்டாவது நிமிடம் ஒன்பதாவது வினாடி. எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து மிதித்தேன். அதே வினாடி, அதே 'சரிங்க.'

என் குடித்தனக்காரனுக்குச் சொன்னதையே திரும்பச் சொல்ல வரவில்லை. பத்து மாதமாக என்னை ஆட்டிவைத்தவனுக்கு ஒரு பெடலுக்குப் பதில் சொல்லத் துப்பில்லை. நான் தனியாக உட்கார்ந்து சிரித்ததைக் கமா நிமிர்ந்து பார்த்தார். பார்க்கட்டும்.

மார்ச் 28, வெள்ளி

விதி போட்டுக்கொண்டேன். சந்தேகம் வந்தால் மூன்று தடவை கேட்க வேண்டும். இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் நடுவில் ஹெட்போனைக் கழற்றிவிட்டுத் தண்ணீர்க் குழாய் வரை போய்வர வேண்டும். வினாடியைக் குறித்துவைக்க வேண்டும். அதே வினாடியில் நின்றால் எழுதலாம்.

டாக்டரிடம் ஃபோனில் சொன்னேன். "எல்லாருக்கும் குரல் ஒரே மாதிரி வராது. சிலருக்குச் சொன்னதையே திரும்பத் திரும்பச் சொல்லும். உங்களுக்கு இது உதவுதுன்னா வெச்சுக்குங்க, மாத்திரையோட சேர்த்து" என்றார். 'மாத்திரையோட சேர்த்து' என்பதை இரண்டு தடவை சொன்னார்.

ஏப்ரல் 9, புதன்

போன ஒரு வாரத்தில் 'தெளிவில்லை' நான்கே இடம்தான். நான்கும் நியாயமானவை. தண்ணீர்க் குழாய்க்கு நடந்து நடந்து கால் வலிக்கிறது. டீ கொண்டுவருகிறவர், "சுகர் இருக்கா மேடம்?" என்று கேட்டார். இல்லை, வேறு ஒன்று இருக்கிறது என்றேன். அவர் என்ன புரிந்துகொண்டாரோ, இப்போதெல்லாம் சர்க்கரை போடாமல் டீ தருகிறார்.

ஏப்ரல் 15, செவ்வாய்

கமாவோடு சண்டை. ஒரு கமாவுக்காக.

"அவர் அங்க நிறுத்துனார், கமா வேணும்."

"அவர் நிறுத்தல, எச்சில் முழுங்குனார். எச்சிலுக்கெல்லாம் கமா போட முடியாது."

"ஒரு வருஷம் முன்னாடி நீங்களே போட்டிருப்பீங்க."

"ஒரு வருஷம் முன்னாடி எனக்குப் பைத்தியம்."

சொல்லிவிட்டேன். கமா பக்கத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "அப்பவும் இப்பவும் பிடிவாதம் மட்டும் குறையல" என்றார். கமாவைத் தானே அடித்தார். அப்புறம் குரலை உயர்த்தி, முப்பத்து நான்காம் பக்கத்தில் ஒரு வரியை நான் இரண்டு தடவை அடித்திருக்கிறேன், கண் எங்கே இருந்தது என்று எல்லார் முன்னாலும் சத்தம் போட்டார்.

ஆஹா. வந்ததிலிருந்து என்னை யாரும் இப்படித் திட்டவில்லை. வீடு வரைக்கும் சிரித்துக்கொண்டே நடந்தேன்.

ஏப்ரல் 28, திங்கள்

இன்றிலிருந்து ஆறு மணி நேரம். வேகம் பழையதில் முக்கால் பங்கு. நாற்காலியை மாற்றித் தரச் சொன்னேன். மாற்றிவிட்டார்கள். இவ்வளவுதானா விஷயம்?

மே 6, செவ்வாய்

கமாவும் நானும் மட்டும் அறையில். மழை, எல்லாரும் சீக்கிரம் போய்விட்டார்கள். ரொம்ப நாளாக நெஞ்சில் இருந்ததைக் கேட்டுவிட்டேன்.

"அந்தப் பதினோரு வரி. நேரா பதிவாளர்கிட்ட போறதுக்கு முன்னாடி என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?"

கமா ஹெட்போன் ஒயரைச் சுருட்டிக்கொண்டே இருந்தார்.

"பதினாலு தடவை கேட்டேன். மறுநாள் லீவு நாள், அன்னைக்கும் வந்து கேட்டேன். வேற ஹெட்போன் மாத்திக் கேட்டேன். உங்களுக்குக் கேட்டுச்சுன்னா எங்கயாவது இருக்கும்னு. நீங்க தப்பா எழுதி நான் பார்த்ததே இல்ல."

நான் நாற்காலியை அவர் பக்கம் திருப்பினேன்.

"பதினஞ்சாவது தடவை கேக்க முடியல. அதான் போனேன்" என்றார்.

ஒரு வருஷமாக இந்த மனுஷனை மனசுக்குள் எத்தனை தடவை செருப்பால் அடித்திருப்பேன். என்னை நம்பிய ஒரே ஆள் அவர்தான். எனக்காகப் பதினான்கு தடவை பெடலை மிதித்திருக்கிறார். மன்னிப்புக் கேட்டேன். "அதெல்லாம் வேணாம், அந்த எச்சில் கமாவை விட்டுக்குடுங்க" என்றார். சிரித்தார். சிரிக்கத் தெரிந்திருக்கிறது.

மே 22, வியாழன்

இன்னும் எட்டு நாள். இன்றைக்குப் பார்த்தா இது வரணும்?

அந்தச் சலவைத் தொழிற்சாலை வழக்கின் அடுத்த விசாரணை வந்திருக்கிறது. இந்தத் தடவை சாட்சி சொல்வது அங்கே மேற்பார்வை பார்க்கிறவர். கேள்வி: "கம்பி உடைஞ்சிருக்குன்னு அந்தப் பெண் முதல் நாளே உங்ககிட்ட சொன்னாங்களா?" மௌனம். அந்த மௌனத்துக்குள் யாரோ ஒரு ஆண், மூச்சுக் காற்றில்: 'ஞாபகம் இல்லைன்னு சொல்லு.' அப்புறம் சாட்சி: "ஞாபகம் இல்லை."

நாற்பத்தோராவது நிமிடம் பதினாறாவது வினாடி.

இப்படித்தான் என் ஆளும் பேசுவான். இதைச் சொல்லு, இதைச் சொல்லாதே, எழுந்திரு, ஓடு. அதே தொனி, அதே மூச்சு. மிதித்தேன். அதே வினாடி. தண்ணீர்க் குழாய்க்குப் போய் முகம் கழுவி, சுவரில் இருந்த அறிவிப்புகளையெல்லாம் ஒன்று விடாமல் படித்துவிட்டு வந்து மிதித்தேன். அதே வினாடி. கூடவே என் குடித்தனக்காரனும் வந்துவிட்டான், 'எழுதாதே, துரத்திவிடுவார்கள்' என்று. அவன் வழக்கம்போல ஒவ்வொரு தடவையும் ஒவ்வொன்று சொன்னான். பதிவில் இருந்தவன் ஒன்றையே சொன்னான். பதிவு முழுக்கத் தேடினேன். ஆறு இடம். ஆறிலும் முதலில் அந்த மூச்சு, அப்புறம் சாட்சியின் பதில்.

ஆனாலும் — என் ஆள் கற்றுக்கொண்டுவிட்டானென்றால்? பெடலுக்குப் பதில் சொல்ல அவனுக்கும் பழகிவிட்டதென்றால்? டாக்டர் சொன்னாரே, சிலருக்குச் சொன்னதையே சொல்லும் என்று. அப்போ நான் என்ன செய்வேன்? யாருகிட்ட போய்க் கேப்பேன்?

கமாவைக் கூப்பிட்டுக் கேட்கச் சொன்னேன். கண்ணை மூடிக்கொண்டு நான்கு தடவை கேட்டார். ஹெட்போனைக் கழற்றினார்.

"எனக்கு யாரோ இருமுறதுதான் கேக்குது."

மே 23, வெள்ளி

காலையில் முதல் வேலையாக டாக்டருக்கு ஃபோன். மாத்திரை தவறவில்லை, தூக்கம் சரியாக இருக்கிறது, இது நடந்திருக்கிறது என்று சொன்னேன். "என்ன செய்யலாம்னு நீங்க நினைக்கிறீங்க?" என்று என்னையே திருப்பிக் கேட்டார். கேட்ட பிறகுதான் எனக்கே தெரிந்தது, நான் ஏற்கெனவே முடிவு செய்துவிட்டேன் என்று.

விசாரணை அறையில் இரண்டு மைக். ஒன்று நடுவர் மேசையில், ஒன்று சாட்சி மேசையில். எங்களுக்கு அனுப்புவது நடுவர் மேசைப் பதிவை. சாட்சி மேசைப் பதிவு அவசரத்துக்கு என்று அலமாரியில் பூட்டிக் கிடக்கும், பதிவாளர்தான் எடுத்துத் தர வேண்டும். வாயை மூடிக்கொண்டு 'இருமல்' என்று அடித்துவிட்டு முப்பதாம் தேதி வரை ஓட்டியிருக்கலாம். ஒருத்தருக்கும் தெரிந்திருக்காது. அந்தப் பெண்ணின் வாக்கியத்தை ஒரு தடவை விட்டவள் நான். இரண்டாவது தடவை விட்டால் எனக்கு எந்தக் கையெழுத்தும் வேண்டாம்.

பதிவாளர் முன்னால் போய் நின்றேன். கமாவும் கூட வந்தார், நான் கூப்பிடவில்லை.

"சார், எனக்குக் கேக்குது. அவருக்குக் கேக்கல. ரெண்டாவது மைக்கைக் கேக்கணும். அதுல இருந்தா நான் எழுதுவேன். இல்லன்னா நானே டாக்டர்கிட்ட போறேன், நீங்க முப்பதாம் தேதி வரைக்கும் காத்திருக்க வேணாம்."

பதிவாளர் கமாவைப் பார்த்தார். "நீ என்னப்பா சொல்ற?"

"எனக்குக் கேக்கல சார். ஆனா அவங்க வினாடியைக் குறிச்சு வெச்சிருக்காங்க. ஆறு இடம். குறிச்சதைச் சரிபார்க்கறதுதானே நம்ம வேலை?"

திங்கள்கிழமை அலமாரியைத் திறக்கிறேன் என்றார். இன்னும் இரண்டு நாள் போக வேண்டும். அக்காவிடம் சொன்னேன். என் தலையைக் கோதிவிட்டாள். இன்று மாத்திரையை அவள் எண்ணவில்லை.

மே 26, திங்கள்

இருக்கிறது.

இருக்கிறது இருக்கிறது இருக்கிறது.

பதிவாளர் அறையில் ஒலிபெருக்கியிலேயே போட்டார், ஹெட்போனெல்லாம் இல்லை. நாற்பத்தொன்று பதினாறு. பக்கத்து வீட்டுக்காரர் மதில் மேலிருந்து பேசுவது போல அத்தனை தெளிவாக, 'ஞாபகம் இல்லைன்னு சொல்லு.' சாட்சிக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த நிர்வாகத்து ஆள். பதிவாளர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார். இரண்டாவது இடம், இருக்கிறது. மூன்றாவது, இருக்கிறது. ஆறும் இருந்தன.

நான் அழுதேன். வெட்கமே இல்லாமல் மேசையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். பயத்தில் இல்லை, நிம்மதியில் இல்லை, பெருமையில். என் காது. என்னுடைய சொந்தக் காது. போன வருஷம் என் காலை வாரிவிட்ட அதே காதுதான் இன்றைக்கு அலுவலகத்தில் வேறு ஒருத்தருக்கும் கேட்காததைப் பிடித்திருக்கிறது.

கமா பதிவை முழுக்க ஓடவிட்டுக் கேட்டார். அப்புறம் என் காகிதத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டார்.

"ஏழு இடம் இருக்கு. ஐம்பத்தி மூணாவது நிமிஷத்துல ஒண்ணை விட்டுட்டீங்க."

பதிவாளருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

மே 30, வெள்ளி

கையெழுத்து வந்துவிட்டது. பதிவாளர் காகிதத்தை நீட்டும்போது, "இது நீங்க பிடிச்ச அந்த ஆறு இடத்துக்காக இல்லம்மா. இல்லன்னா நானே டாக்டர்கிட்ட போறேன்னு சொன்னீங்களே, அதுக்காக" என்றார். அந்தச் சாட்சியைத் திரும்பக் கூப்பிடுகிறார்கள், பின்னால் யாரும் உட்காரக் கூடாது என்ற உத்தரவோடு.

சலவைத் தொழிற்சாலைப் பதிவின் கடைசிப் பக்கத்தில் 'கேட்டபடியே எழுதப்பட்டது' என்பதற்குக் கீழே போட்டேன். கை கொஞ்சம் நடுங்கியது. பழைய கையெழுத்து மாதிரி இல்லை, பரவாயில்லை, இதுவும் என்னுடையதுதான்.

வீட்டில் மாமா எழுந்து நின்று வணக்கம் வைத்தார். அக்கா, "இப்பவாவது ஒழுங்கா நேரத்துக்குச் சாப்பிடு" என்றாள்.

ஜூன் 19, வியாழன்

முழு நாள் வேலை. மூன்று பதிவு முடித்தேன். குடித்தனக்காரன் நான்கு மணிக்கு எட்டிப் பார்த்தான். வேலை இருக்கிறது, அப்புறம் வா என்றேன்.

போகிற நேரத்தில் கமா தன் ஹெட்போனைக் கொண்டுவந்து என் தலையில் மாட்டினார்.

"இருபத்தாறு நாற்பதுல யாரோ என்னமோ சொல்ற மாதிரி இருக்கு. அரை மணி நேரமா கேக்குறேன், எனக்குப் பிடிபடல. நீங்க கேளுங்க."

கேட்டேன். மிதித்துக் கேட்டேன். குழாய் வரை போய்வந்து மறுபடி கேட்டேன்.

"ஒண்ணும் இல்ல. நாற்காலி நகர்ற சத்தம்."

"நிச்சயமா?"

"நிச்சயமா. யாரும் பேசல."

கமா தன் இடத்துக்குப் போய் உட்கார்ந்தார். திரும்ப ஒரு தடவை கேட்டுப் பார்க்கவில்லை. 'யாரும் பேசவில்லை' என்று அடித்தார், கையெழுத்துப் போட்டார், பையை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார்.